ரேடியேட்டரில் ஒரு கை மஞ்சள்

அந்தக் கான்டெசா காரைக் கொன்றது யார் என்று கள்ளக்குறிச்சியில் எனக்கு மட்டும்தான் தெரியும் என இருபது வருடத்துக்கும் மேலாக நினைத்துக்கொண்டிருந்தேன். கொன்றது நான். பழி விழுந்தது வேறொருவர் தலையில்.

அப்போது நான் ஒரு புளி மண்டி முதலாளியிடம் டிரைவர். அவரிடம் கருஞ்சிவப்பில், நீள மூக்கோடு அந்தக் கார் இருந்தது. கல்யாண மண்டப வாசலில் நிறுத்தினால் மாப்பிள்ளையை விட்டுவிட்டுக் காரைப் பார்க்க வருவார்கள். சாவி என் கையில் இருந்ததால் எனக்கும் கொஞ்சம் தலைக்கனம் ஏறியிருந்தது. கொஞ்சம் என்ன, நிறையவே.

ஒருநாள் ரேடியேட்டரில் லேசாகத் தண்ணீர் கசிவதைப் பார்த்தேன். சொன்னால் திட்டு விழும். டிரைவர்களுக்குள் இதற்கு ஒரு கைவைத்தியம் உண்டு. ரேடியேட்டருக்குள் மஞ்சள்தூளைப் போட்டால் அது தண்ணீரில் ஊறி ஓட்டையை அடைத்துக்கொள்ளும். ஒரு சிட்டிகை போதும். நான் எதையும் சிட்டிகையாகச் செய்கிற ஆள் இல்லை. வீட்டு அஞ்சறைப்பெட்டியிலிருந்து ஒரு கை அள்ளிக் கொட்டினேன். கசிவு நின்றது. என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

மறுநாள் புளி பேசுவதற்காக முதலாளி கல்வராயன் மலைக்குக் கிளம்பினார். கோமுகி அணையைத் தாண்டி, மலை ஏறி, மூன்றாவது கொண்டை ஊசி வளைவு வரைக்கும் சரியாகத்தான் போனது. அங்கே பானெட்டிலிருந்து புகையாக ஆவி கிளம்பியது. இரண்டு இருமல் இருமிவிட்டு வண்டி நின்றது. கீழேயிருந்து வந்த மெக்கானிக், இன்ஜின் சூட்டில் போய்விட்டது என்று கையை விரித்தார்.

அதற்கு இரண்டு நாள் முன்னால்தான் முதலாளியின் தம்பி அந்தக் காரைத் திருநாவலூரில் ஒரு கல்யாணத்துக்கு எடுத்துப் போய் வந்திருந்தார். முதலாளிக்கு அது போதும்.

"அவன்தான்டா கண்ணு மண்ணு தெரியாம ஓட்டி வண்டிய சாவடிச்சிட்டான்."

எனக்கு அப்போது கல்யாணமாகி மூன்று மாதம். வேலை போய்விடுமே என்று வாயை மூடிக்கொண்டேன். அன்று சாயங்காலம் அண்ணன் தம்பி இருவரும் மண்டியில் வைத்துப் பேசிய பேச்சு, கேட்டவர் காதெல்லாம் கூசிய பேச்சு. தம்பி தன் பங்கைப் பிரித்துக்கொண்டு தியாகதுருகத்துப் பக்கம் கரும்பு வைக்கப் போய்விட்டார். பெற்ற தாய் செத்தபோதும் ஆளுக்கொரு பக்கமாக நின்றார்கள். முதலாளி அந்தக் காரைச் சரி பண்ணவும் இல்லை, விற்கவும் இல்லை. மண்டிக்குப் பின்னால் கொட்டகையில் தள்ளியதோடு சரி.

நான் பிறகு வேலையை விட்டு, சொந்தமாக இரண்டு லோடு வண்டி ஓட்டும் அளவுக்கு வந்தேன். ஆனால் பஸ் ஸ்டாண்டில் எப்போதாவது அந்தத் தம்பியைப் பார்த்தால், "இன்னா டிரைவரே, நல்லாக்கீறியா?" என்று சிரித்த முகமாகக் கேட்பார். அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்காது.

போன வருடம், பழைய இரும்புக்காரர் அந்தக் காரை எடுக்க வரப்போகிறார் என்று கேள்விப்பட்டேன். அடுத்த அரை மணியில் முதலாளி முன்னால் நின்றேன். கார் எனக்கு வேண்டும் என்றேன்.

"ஓடாத வண்டிய வெச்சிக்கினு இன்னாடா பண்ணப் போற?"

"ஓட வைக்கிறேங்க."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சரி என்றார். டிராக்டரில் கயிறு கட்டி இழுத்து வந்தேன். என் மனைவி வாசலில் நின்று பார்த்தாள்.

"வூட்ல ஒழுவுற ஓட்ட மாத்துங்கன்னு நாலு வருசமா கத்துறேன். இப்ப இந்த சீக்காளிய வேற கூட்டியாந்துட்டீங்களா?"

சீட்டுக்குள் எலி குடும்பம் நடத்தியிருந்தது. வயர் ஒன்றுகூட மிச்சமில்லை. கால் வைக்கும் தகரம் அப்பளமாக நொறுங்கியது. பிரேக் இறுகிப்போய்ச் சக்கரம் சுற்ற மறுத்தது. லோடு இல்லாத நாட்களிலெல்லாம் வண்டிக்கு அடியிலேயே கிடந்தேன். ஒரு ஸ்க்ரூ கழல மாட்டேன் என்று அடம் பிடித்தால் ஸ்பேனரைத் தூக்கி எறிவேன். மனைவி பொறுக்கி வந்து பக்கத்தில் வைப்பாள். இன்ஜினைப் பிரித்து, தேய்த்து, ஈரோட்டிலிருந்து ஒரு சாமான், சேலத்திலிருந்து ஒரு சாமான் என்று வரவழைத்துப் பூட்டினேன். துருவுக்கு அடியில் பழைய கருஞ்சிவப்பு தெரிந்த அன்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதை ஒளிக்கவும் இல்லை.

ரேடியேட்டரை மட்டும் அந்த வேலை தெரிந்தவரிடம் கொடுத்தேன். அவர் மேல் தொட்டியைப் பிரித்துப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். உள்ளே குழாய் குழாயாக மஞ்சள் கட்டிப் போயிருந்தது.

"இன்னாண்ணே, ரேடியேட்டர்ல சாம்பார் வெச்சிருக்கானுங்க! எவனோ கிலோ கணக்குல கொட்டிக்கீறான்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு கைதானே போட்டேன், இவ்வளவு எப்படி என்று மட்டும் ஒரு யோசனை ஓடியது. அவர் சுரண்டி எடுத்ததில் ஒரு கட்டியைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு வைத்துக்கொண்டேன். இனிமேல் சொல்லாமல் இருந்தால் நான் மனுஷனே இல்லை என்று தோன்றியது.

எட்டாவது மாதம் கார் உறுமியது. நேராக முதலாளி வீட்டுக்கு ஓட்டிப் போனேன். அவர் வெளியே வந்து பானெட்டை மாட்டைத் தடவுகிற மாதிரி தடவினார். தடவிக்கொண்டே, "அந்தப் பாவி மட்டும் அன்னிக்கி..." என்று ஆரம்பித்தார்.

நான் கவரை அவர் கையில் வைத்தேன்.

"இன்னாடா இது?"

"மஞ்சளுங்க. ரேடியேட்டர்ல இருந்துச்சி. நாந்தாங்க போட்டேன். உங்க தம்பி மேல ஒரு தப்பும் இல்லீங்க."

அவர் முகம் சுருங்கிப்போனது. அடிப்பார் என்று நினைத்தேன், அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். திரும்பி உள்ளே போனார். வெயிலில் நின்றுகொண்டே இருந்தேன். அவர் திரும்பி வந்தபோது சட்டை மாற்றி, தோளில் துண்டு போட்டிருந்தார். கவர் கையிலேயே இருந்தது.

"தியாகதுருகத்துக்கு வுடு."

தம்பி வீட்டு வாசலில் ஹாரன் அடித்தேன். அந்த ஹாரன் சத்தத்துக்கு, கரும்புத் தோட்டத்திலிருந்து சேற்றுக் காலோடு ஓடி வந்தார். காரைப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். முதலாளி இறங்கவில்லை. ஜன்னல் வழியாகக் கவரை நீட்டினார்.

"மோந்து பாரு. மஞ்சத்தூளு. டிரைவர் போட்டதாம். நீ இல்லடா."

தம்பி மோந்து பார்த்தார். என்னைப் பார்த்தார். அண்ணனைப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்.

"நானும் போட்டேன்ண்ணா. திருநாவலூர்ல ஒழுவிச்சி. சமையல்காரர் கிட்ட வாங்கி ரெண்டு கை போட்டேன். உங்கிட்ட சொல்ல பயம். நீ திட்டுனப்ப, என்னாலதான் போச்சின்னு தெரிஞ்சிதான் ரோசமா பேசிட்டேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை வருடம் என் தூக்கத்தைக் கெடுத்ததில் எனக்குப் பங்காளி ஒருவர் இருந்திருக்கிறார்! முதலாளி கதவைத் திறந்து இறங்கினார். நான் அவசரமாக டிரைவர் சீட்டிலிருந்து எழுந்தேன். அவர் என் கையிலிருந்து சாவியை வாங்கித் தம்பியிடம் கொடுத்தார்.

"மலைக்குப் போலாம். நீ ஓட்டு."

தம்பி காலைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். பக்கத்தில் அண்ணன். வாழ்க்கையில் முதல் முறையாக அந்தக் காரில் நான் பின் சீட்டில் உட்கார்ந்தேன். கச்சிராயபாளையம் தாண்டியது, அணை தாண்டியது. ஏற்றம் தொடங்கியது. மூன்றாவது வளைவில், அன்று நின்ற அதே இடத்தில், தம்பி வேகத்தைக் குறைத்தார்.

முதலாளி ரோட்டைப் பார்த்தபடியே பேசினார்.

"அதுக்கு மொத வாரமே நான் ஒரு பொட்டணம் மஞ்ச போட்டேன்டா."

தம்பி கியரை மாற்றினார். கார் முனகாமல் வளைவை ஏறியது. முதலாளி துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார். அவர் தோள் குலுங்குவது பின்னாலிருந்து எனக்குத் தெரிந்தது. எனக்கும் கண்ணீர் வந்தது.

தம்பி அவர் பக்கம் திரும்பவில்லை.

"ண்ணா, மீட்டர்ல சூட்டு முள்ள கொஞ்சம் பாரு. ஏறுதா?"

முதலாளி துண்டை எடுத்துவிட்டு எட்டிப் பார்த்தார்.

"ஏறல. நீ போ."