ட்ரை வைனும் பதினெட்டுக் கிளாசும்

1. கிளாசோடு வந்த சனம்

அந்தச் சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கடைக் கதவைத் தூக்கினேன். வெளியே பதினெட்டுப் பேர் நின்றார்கள். எங்கள் வைன் ஸ்டோர்ஸில் திறக்கிற நேரத்துக்கு வழமையாக நிற்பது நாலு பேர். அந்த நாலு பேரையும் பேர் சொல்லிக் கூப்பிடலாம். அதனால்தான் ஒன்றுக்கு இரண்டு தரம் எண்ணினேன். பதினெட்டேதான்.

ஒவ்வொருத்தர் கையிலும் ஏதோ ஒன்று இருந்தது. கண்ணாடிக் கிளாஸ், சில்வர் கப், பிளாஸ்டிக் ஜொக்கு. ஒருத்தர் கடதாசியில் சுற்றிய மீன் பொரியலோடு வந்திருந்தார். குடிக்கும்போது கடித்துக்கொள்ளப் பைட்ஸ் இல்லாமல் எப்படி என்று நினைத்திருப்பார்.

“என்னகா இது, தண்ணி பவுசர் லொறி வருதா?” என்று கேட்டார் யோகன் அண்ணன். இருபது வருசமாக எங்கள் கவுண்டரில் நிற்பவர். ஆள் நடந்து வருகிற நடையிலேயே கால் போத்தலா, அரைப் போத்தலா என்று சொல்லிவிடுவார். அன்று அவருக்கும் பிடிபடவில்லை.

முன்னுக்கு நின்ற ஓட்டோக்காரர் சொன்னார்: “ட்ரை பண்ணத்தான் வந்த. நீங்கதானே எழுதிப் போட்டிரிக்கிற.”

திரும்பிப் பார்த்தேன். நான் வைன் அடுக்கி வைத்த என் தட்டில், என் கையெழுத்தில், பச்சை மார்க்கரால் கொட்டையாக எழுதிய அட்டை: ‘ட்ரை வைன்’.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிற தம்பிமாருக்காக இதை எழுதுகிறேன். நான் தொழிலுக்கு வந்தே நாலு வருசம்தான். ஆனால் இந்தப் பிழையைச் செய்ய நாலு மாதமே போதுமாக இருந்தது.

2. வைன் ஸ்டோர்ஸில் வைன் எங்கே?

நான் இரசாயனம் படித்த பட்டதாரி. அரசாங்க வேலைக்கு விண்ணப்பம் போட்டுவிட்டு, பாசிக்குடாவில் ஒரு ஹோட்டலில் ஆறு மாதம் மேசைக்குச் சாப்பாடு கொண்டு போனேன். வைன் பைத்தியம் பிடித்தது அங்கேதான். ஒரே பழச்சாறு, கொஞ்சம் ஈஸ்ட், அதிலிருந்து இவ்வளவு விதமான மணமா என்று ஆச்சரியப்பட்டேன். புத்தகத்தில் படித்த நொதித்தல் கிளாசுக்குள் நின்று என்னைப் பார்த்துச் சிரித்தது.

சீசன் முடிந்ததும் ஹோட்டல் ஆட்களைக் குறைத்தது. மட்டக்களப்பு டவுனில், வாவிப் பக்கம் பார்த்த இந்தக் கடையில் ஆள் தேவை என்று கேள்விப்பட்டு வந்தேன். அம்மா அக்கம்பக்கத்தில், “மகன் ஒரு கம்பனியில கெமிஸ்டா இரிக்கான்” என்று சொல்லி வைத்திருக்கிறா.

முதல் நாள் முதலாளியிடம் கேட்டேன்: “வைன் எங்க முதலாளி?”

“என்ன கேள்வி மனே இது? கடைப் பேரே வைன் ஸ்டோர்ஸ்.”

சுற்றிவரச் சாராயம், பியர், மறுபடியும் சாராயம். கடைசியில் முன் கண்ணாடியில் பத்துப் பன்னிரண்டு வைன் போத்தல் அழகுக்கு அடுக்கியிருப்பதைக் கண்டேன். பின்னேர வெயில் வாவியில் பட்டு நேரே அந்தப் போத்தல்களில்தான் விழும். லேபல் எல்லாம் வெளுத்துப் போயிருந்தது. முதலாளியின் அனுமதியோடு ஒன்றை வீட்டுக்குக் கொண்டுபோய்த் திறந்து பார்த்தேன். அடுத்த நாள் யோகன் அண்ணனிடம் சொன்னேன், அது வைன் இல்லை, புளித்து வினாகிரி ஆகிவிட்டது என்று.

“கொட்டிப்போடாத. அச்சாறு போடலாம்” என்றார்.

நான் விடவில்லை. உள்ளே, வெயில் படாத மூலையில் ஒரே ஒரு தட்டுத் தாருங்கள், விலை குறைந்த நல்ல வைனாகப் பார்த்து எடுத்து விற்றுக் காட்டுகிறேன் என்று இரண்டு மாதம் முதலாளியின் காதைத் தின்றேன். அவர் தலையைச் சொறிந்துவிட்டுச் சொன்னார்:

“சரி, ஒரு தட்டு. சித்திரை வருசத்துக்குள்ள அது காலியாகோணும். இல்லாட்டி அதில பியர் ஏறும், நீ லொறியில ஏறுவாய்.”

லொறியில் ஏறுவது என்றால் பெட்டி ஏற்றி இறக்கும் வேலை. என் முதுகைப் பார்த்தால் அது இரண்டு நாள் தாங்காது என்று யாருக்கும் தெரியும்.

3. சாராயக் கோடு

எந்த வைனை எடுப்பது? நான் ஒரு விதி போட்டேன். ஒரு முழுப் போத்தல் நல்ல சாராயத்தின் விலையைத் தாண்டுகிற எதுவும் தட்டுக்கு வராது. இதற்கு யோகன் அண்ணன் வைத்த பேர் ‘சாராயக் கோடு’. கோட்டுக்கு மேல் போனால் எங்கள் சனம் போத்தலைத் தூக்கிப் பார்க்கும், பத்திரமாகத் திருப்பி வைக்கும், சாராயம் வாங்கிக்கொண்டு போகும்.

கோட்டுக்குக் கீழே ஒன்பது வைன் கிடைத்தது. பௌர்ணமி, அதாவது போயா நாளில் கடைக்குப் பூட்டு. அதனால் போயாவுக்குப் போயா யோகன் அண்ணன் வீட்டு மாமரத்தடியில் பரீட்சை நடந்தது. போத்தல்களை முதல் நாளே வாங்கி வைப்போம். அவர் மனைவி ராணி அக்கா சமைப்பா, நான் ஊற்றுவேன், அண்ணன் சொல்வார், நான் சீஆர் கொப்பியில் எழுதுவேன். ஹோட்டலில் வெள்ளைக்காரர் வைனை மணந்துவிட்டு ஏதேதோ பழம், பூ என்பார்கள். அண்ணனின் பாஷை வேறு. கொப்பியில் இருப்பதை அப்படியே தருகிறேன்:

“இது மழைக்கு நனைஞ்ச நெல்லுச் சாக்கு.” (சரியாகச் சொன்னார். கோர்க் பழுதான போத்தல் அப்படித்தான் மணக்கும்.)

“இது நாவற்பழம் திண்டு நாக்குப் பிடிச்ச மாதிரி.”

“இது கலியாண வீட்டுச் சர்பத். ஆரும் கேக்காம விட்டது.”

“இது... பொறு பொறு. இன்னுங் கொஞ்சம் ஊத்து.”

நாலாவது குறிப்பு எந்த வைனுக்குக் கிடைத்ததோ அது தட்டுக்கு ஏறியது. குளிர வைத்தபின் அதே குறிப்பு வாங்கிய நாவற்பழச் சிவப்போடு சேர்த்து அப்படி ஐந்து தேறின. அந்த மாமரத்தடியில் படித்தவற்றில் சில உங்களுக்கும் உதவும். மலிவான வெள்ளை வைன் என்றால் அண்மைய வருசத்தில் செய்த போத்தலாக எடுங்கள். வயது ஏற ஏற அது நல்லதாவதில்லை, களைத்துப் போகிறது. திருகுமூடி என்றால் மட்டமான வைன் என்று நினைக்காதீர்கள். நனைந்த சாக்கு மணம் அதில் வருவது அரிது. சிவப்பு வைனைக்கூட எங்கள் வெக்கையில் அரை மணித்தியாலம் ஃபிரிட்ஜில் வைத்துத்தான் குடிக்க வேண்டும், புத்தகம் என்ன சொன்னாலும். நாக்குப் பிடிக்கிற சிவப்பை உறைப்புக் கறியோடு குடிக்கவே ஒண்ணாது. ராணி அக்காவின் நண்டுக் கறியோடு குடித்துவிட்டு நான் வாயைத் திறந்தபடி கிணற்றடிக்கு ஓடினேன். அதே கறிக்குக் கொஞ்சம் இனிப்பான வெள்ளை, நன்றாகக் குளிர்ந்தது, அருமையாகச் சேர்ந்தது. பொரித்த இறாலுக்கும் திரளி மீனுக்கும் இனிப்பே இல்லாத வெள்ளை.

அந்த இனிப்பே இல்லாத வைனுக்கு இங்கிலீசில் உள்ள பேரை நான் தமிழ் எழுத்தில் எழுதி ஒட்டினேன். வினை அங்கேதான் தொடங்கியது. அட்டையை வாசித்த ஓட்டோக்காரர், கடையில் வைன் ட்ரை பண்ணக் கொடுக்கிறார்கள் என்று ஸ்டாண்ட் முழுக்கச் சொல்லிவிட்டார்.

4. இரண்டு ட்ரை

பதினெட்டுப் பேருக்கும் நான் விளக்கம் கொடுத்துக்கொண்டிருந்தபோது மதுவரி அதிகாரியின் ஜீப் வந்து நின்றது. வழமையான பரிசோதனைக்கு வந்தவர் சனத்தைப் பார்த்தார், கிளாசுகளைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார். எங்கள் லைசன் விற்க மட்டும்தான். கடைக்குள் ஒரு மூடி திறந்தாலும் பிழை, ருசி பார்க்கச் சும்மா கொடுத்தால் அது இன்னொரு பிழை. முதலாளிக்கு வேர்த்து ஊற்றியது.

“இது ஆரு எழுதின?”

“நான்தான் சேர்.”

“ட்ரை எண்டு எழுதியிரிக்கு.”

“ஓம் சேர். ட்ரைதான்.”

“அப்ப ட்ரை பண்ணக் குடுக்கிறீங்க.”

“இல்ல சேர், இது ட்ரை பண்ற ட்ரை இல்ல. ட்ரையா இருக்கிற ட்ரை.”

“அதென்ன? காஞ்சதா?”

“ஓம் சேர். ஒரு விதத்தில காஞ்சது.”

“போத்தலுக்குள்ள தண்ணியா ஆடுது. காஞ்சது எண்டு சொல்றீங்க.”

“பவுடராத் தருவாங்களாக்கும்” என்றது சனத்துக்குள் ஒரு குரல்.

சொல் லேபலில் இருப்பதைக் காட்டலாம் என்று போத்தல்களை எடுத்தேன். முதல் மூன்றிலும் அந்தச் சொல்லே இல்லை. நாலாவதின் பின்பக்கத்தில், எறும்பு எழுத்தில் இருந்தது. அதிகாரியின் கண்ணாடி ஜீப்பில். முதலாளி தன் கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்தார். அதிகாரி போத்தலைத் தூரப் பிடித்து, கிட்டப் பிடித்து, எழுத்துக் கூட்டி வாசித்தார்.

“டீ... ஆர்... வை. ட்ரை. சரி. இதிலயும் ட்ரை எண்டுதானே போட்டிரிக்கு? இந்தாக்களும் அதைத்தானே கேக்கிறாங்க?”

மூன்று வருசம் படித்த இரசாயனம் ஒரு சொல் தரவில்லை. அப்போது யோகன் அண்ணன் கவுண்டரில் கையை ஊன்றிக் கேட்டார்:

“சேர், பிளேன்டீ குடிப்பீங்கதானே?”

“ஓம்.”

“சீனி போட்டா?”

“இல்ல. எனக்குச் சீனி வருத்தம்.”

“அதான் சேர் ட்ரை. அது சீனி போடாத பிளேன்டீ, இது சீனி போடாத வைன்.”

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். “இதத் தமிழில எழுதினா உங்கட கை என்ன முறிஞ்சா போகும்?” என்று என்னைக் கேட்டார். “திங்கக்கிழமை வருவன். இந்த அட்டை இரிக்கப்படாது.”

ஜீப் போனது. பதினெட்டில் மூன்று பேர், கிளாஸ் கொண்டு வந்தது வீணாகப் போகக்கூடாது என்று ஆளுக்கொரு கால் போத்தல் சாராயம் வாங்கினார்கள். என் தட்டை யாரும் தொடவில்லை.

5. சீனி போடாத வைன்

அன்றைக்கே புது அட்டை எழுதினேன்: ‘சீனி போடாத வைன்’. நல்ல தமிழ். பிளேன்டீ போலத் தெளிவு.

திங்கட்கிழமை அதிகாரி வந்து வாசித்தார், தலையாட்டினார், போனார். செவ்வாய்க்கிழமை ஆட்கள் வந்தார்கள். இந்த முறை கையில் கிளாஸ் இல்லை, கிளினிக் கொப்பி.

முதலில் நின்றவர் செட்டிபாளையத்திலிருந்து பஸ் ஏறி வந்த ஓய்வுபெற்ற போஸ்ட் மாஸ்டர். கொப்பியைக் கவுண்டரில் விரித்து வைத்தார்.

“தம்பி, இதான் என்ட சீனி அளவு. இந்த வைன் எத்தின நாள் குடிச்சா இறங்கும்? ஆறு போத்தல் எடுக்கட்டா?”

அவருக்குப் பின்னால் இன்னும் எட்டுப் பேர். எல்லோரும் ஆறு ஆறாக எடுத்தால் அன்று மத்தியானமே தட்டுக் காலி, எனக்கு லொறி இல்லை. மேசையிலிருந்து முதலாளி பார்த்துக்கொண்டிருந்தார். கவுண்டருக்குக் கீழே யோகன் அண்ணன் என் காலை மிதித்தார். அது ‘சொல்லு’ என்ற மிதியா, ‘பொத்து’ என்ற மிதியா என்று இன்றுவரை தெரியாது.

“ஐயா, இது மருந்தில்ல” என்றேன். “சீனிதான் குறைவு, அல்கஹோல் குறைவில்ல. கொப்பியில பாத்தன், நீங்க சீனிக்குக் குளிசை போடுறீங்க. டொக்டரக் கேக்காம இதத் தொட்டுப்போடாதீங்க.”

“அப்ப என்ன மண்ணுக்கு எழுதி வச்சிரிக்கிற?”

அவர் கொப்பியை மடித்துக்கொண்டு திரும்பி, போஸ்ட் ஒபிஸ் குரலில் அறிவித்தார்: “மருந்தில்லையாம்! எல்லாரும் போங்க!”

ஒரு நிமிசத்தில் கடை வெறுமை. முதலாளி எழும்பி வந்து, தன் கையாலேயே அட்டையைக் கிழித்தார்.

“சித்திரை வருசத்துக்கு ரெண்டு கிழமைதான் இரிக்கு மனே” என்றார். “லொறிக்காரனுக்கு இப்பவே சொல்லி வைக்கட்டா?”

6. மூன்றாவது அட்டை

அன்று பின்னேரம் கொப்பியை விரித்து வைத்து யோசித்தேன். இரண்டு அட்டையிலும் நான் போத்தலுக்குள் என்ன இல்லை என்பதைத்தான் எழுதியிருந்தேன். போத்தலை வாங்கி என்ன செய்வது என்று ஒரு சொல்லும் இல்லை. மூன்றாவது அட்டையை மாமரத்தடிப் பாஷையில் எழுதினேன்:

‘இனிப்பில்லை. மருந்துமில்லை. வீட்டுக்குக் கொண்டு போய், நன்றாகக் குளிர வைத்து, பொரித்த இறாலோடு குடிக்கவும். சாராயத்தை விட விலை அதிகமில்லை.’

பக்கத்துப் போத்தலுக்கு: ‘கொஞ்சம் இனிப்பு. நண்டுக் கறிக்கு.’ சிவப்புக்கு: ‘நாவற்பழம் போல நாக்குப் பிடிக்கும். உறைப்போடு வேண்டாம்.’

முதலாளி மூன்றையும் வாசித்தார். இறால் போத்தலை எடுத்துக் கக்கத்தில் வைத்தார். “வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பாக்கிறன். சரிவராதெண்டு நாளைக்கு வந்து சொல்றன்.”

அடுத்த நாள் ஒன்றும் சொல்லவில்லை. போகும்போது இன்னொன்று எடுத்தார்.

மெல்ல மெல்லத் தட்டு அசையத் தொடங்கியது. இறால் வாங்கிக்கொண்டு போகிற வழியில் பையோடு உள்ளே வந்து, “இதுக்கு எது தம்பி?” என்று பையைத் திறந்து காட்டுகிறவர்கள் வந்தார்கள். கடைக்குள் மீன் மணம். போஸ்ட் மாஸ்டரும் வந்தார். தனக்கில்லை, வெளிநாட்டிலிருந்து லீவில் வந்த மருமகனுக்கு. “மருந்தில்லையெண்டு சொன்ன பொடியன்தானே நீ? அப்ப உன்ட வாயால சொல்லு, எது நல்லம்?” என்று கேட்டு இரண்டு வாங்கினார்.

சித்திரை வருசத்துக்கு முதல் நாள் தட்டில் ஒரே ஒரு போத்தல் மிச்சம். இறால் போத்தல். முதலாளி வந்து இடுப்பில் கை வைத்து நின்றார்.

“காலியாகல்லயே மனே.”

“ஒண்டுதான் முதலாளி.”

“ஒண்டெண்டாலும் காலி இல்லத்தானே?”

என் முதுகு அப்போதே வலிக்கத் தொடங்கிவிட்டது.

நான் கற்றதை இந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன். சாமானை விற்கமுதல், அதன் பேர் வாங்குகிறவரின் காதில் எப்படி விழுகிறது என்று கேட்டுப் பாருங்கள். உங்களுக்குத் தெரிந்த சொல்லை எழுதாதீர்கள், அவருடைய அடுப்படியில் இருக்கிற சொல்லை எழுதுங்கள். ஒரு சொல் பொய்யாக விளங்கப்பட்டுச் சாமான் விற்கப் போகிறது என்று கண்டால், வாயைத் திறந்து நிற்பாட்டுங்கள். லொறி வந்தாலும் வரட்டும்.

முதலாளி அந்தக் கடைசிப் போத்தலை எடுத்துக் கக்கத்தில் செருகினார். “இப்ப காலி. வருசம் முடியப் புது ஓடர் போடு. ரெண்டு தட்டுக்கு.”

எனக்குச் சந்தோசத்தில் வாய் சும்மா இருக்கவில்லை. “அப்ப வைன் குடிக்கப் பழகிட்டீங்க முதலாளி!”

“ஆரு? நானா?” அவர் வாசலைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “சும்மா ட்ரைதான்.”

“எந்த ட்ரை முதலாளி?”

“ரெண்டும்தான்” என்றுவிட்டு நடந்தார்.