நான் மஞ்சளாக்கிய புள்ளி

நான் பொய் எழுதினேன். கை தவறியதல்ல. கேள்வியைக் கேட்டேன், பதிலையும் கேட்டுக்கொண்டேன், பிறகு வேறொன்றை எழுதினேன்!

நூலகச் சுவரில் தொங்கிய அந்த வரைபடத்தை நீங்கள் பார்த்திருக்கலாம். டென்மார்க்கில் வாழும் சீனர் எந்தெந்தச் சமயத்தவர் என்று ஊருக்கு ஊர் புள்ளி வைத்துக் காட்டியது. இக்காஸ்டுக்கு அருகே ஒரு சின்ன ஊரில் ஒற்றை மஞ்சள் புள்ளி. மஞ்சள் என்றால் பௌத்தர். அது லின்னின் வீடு.

லின்னும் நானும் ஒரே தையல் ஆலையில் பதினொரு வருடம் அடுத்தடுத்த மெசினில் இருந்தவர்கள். ஆலை மூடியபின் அவளும் கணவனும் சாப்பாட்டுக்கடை திறந்தார்கள். நான் அலுவலக வேலைக்குப் போனேன். மாலைகளில் இந்த வரைபடத்துக்காக வீடு வீடாகக் கேட்டுப் படிவம் நிரப்பவும் போனேன்.

அவளுடைய கடையில் கல்லாவுக்கு மேலே சுவரில் ஆணியடித்த ஒரு தட்டு. அதில் சிவந்த முகமும் நீண்ட தாடியுமாகக் குவான் கோங் சாமி. முன்னால் மூன்று தோடம்பழம், புகைந்துகொண்டிருக்கும் ஊதுபத்தி. அதற்குக் கீழே நின்றுகொண்டு, "சமயம் ஒண்டுமில்லை எண்டு எழுதும்" என்றாள். நாங்கள் பேசுவது டேனிஷில். என் காதில் அவள் எப்போதும் எங்கள் தமிழில்தான் கதைக்கிறாள்.

"அப்ப மேல நிக்கிறவர் ஆர்?"

"அவர் சமயமில்லை, கௌரி. அவர் வீட்டு ஆள்."

ஓம் என்றேன். காருக்குள் போயிருந்து, பௌத்தம் என்ற கட்டத்தில் கோடு போட்டேன். குவான் கோங்குக்கென்று கட்டமே இல்லை. கிட்ட இருந்தது அதுதான்.

ஏன்? ... அந்தக் கிழமைதான் என் மகள் ஒரு படிவத்தில் சமயம் என்ற இடத்தில் 'இங்கென்' என்று எழுதியிருந்ததைக் கண்டேன். ஒன்றுமில்லை என்று அர்த்தம். கையில் கோயில் நூல்! தேருக்கு முன்னால் கற்பூரச்சட்டி எடுத்த பிள்ளை! அவளைத் திருத்த எனக்குத் தைரியம் இல்லை. லின்னைத் திருத்தினேன். சாமியை வைத்துக்கொண்டு சாமியில்லை என்பதா, என்ன கதை இது!

அவளுடைய கணவன் சில வருடமாக ஒரு சீனக் கிறிஸ்தவ சபைக்குப் போவது எனக்குத் தெரியும். அந்தத் தட்டால் வீட்டில் சண்டை நடந்ததும் தெரியும். 'இது வணக்கமில்லை, அப்பா தந்த பொருள்' என்று சொல்லித்தான் அவள் அதைக் காப்பாற்றி வைத்திருந்தாள். ஒன்றுமில்லை என்ற அந்தச் சொல்தான் குவான் கோங்குக்குக் கூரை. தெரிந்துகொண்டா எழுதினேன்? தெரியும்... யோசிக்கவில்லை.

அந்த ஊரில் சீனர் வீடு ஒன்றே ஒன்று. கணவன் வரைபடத்தைப் பார்த்தான். அந்த ஞாயிறு சபையிலிருந்து வந்து தட்டைக் கழற்றினான்.

அடுத்த நாள் லின் என் வாசலில் நின்றாள். துவாயில் சுற்றிய சிலையை என் கையில் வைத்தாள்.

"இவருக்குச் சமயம் குடுத்தது நீர்தானே. நீரே வைச்சுக்கொள்ளும்."

இப்போது அவர் என் சாமி அலுமாரியில், பிள்ளையாருக்கும் முருகனுக்கும் நடுவில். இவர் யார் என்று மகள் டேனிஷில் கேட்டாள். வீட்டு ஆள் என்றேன். வேறு என்ன சொல்ல!

அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் லின் வருகிறாள். தோடம்பழம் வைக்கிறாள், ஊதுபத்தி கொளுத்துகிறாள். "தேத்தண்ணி குடிச்சிட்டுப் போவன்" என்றால் வேண்டாமென்று தலையாட்டுகிறாள். என் முகத்தைப் பார்ப்பதில்லை.

பிழையைத் திருத்தச் சொல்லி எழுதிப்போடு என்பீர்கள். எழுதமாட்டேன்! திருத்தினால் அந்தப் புள்ளி சாம்பல் நிறமாகும். அங்கே ஒன்றுமில்லை என்று அர்த்தம். இன்று லின்னின் கடைச் சுவரில் நாலு ஆணித்துளைகளைத் தவிர உண்மையிலேயே ஒன்றுமில்லை. வரைபடம் சரியாகிவிடும்... அதையும் என் கையாலேயே எழுதிக் கொடுக்கவா? மாட்டேன். நீங்கள் என்னைப் பற்றி என்ன நினைத்தாலும் சரி, மாட்டேன்!

பௌர்ணமிக்கு இன்னும் மூன்று நாள். மணி அடிக்கும். கதவைத் திறப்பேன். அவள் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, என்னைக் கடந்து நேரே அவரிடம் போவாள்.