காற்றில் பிடித்த கிளச்

இரண்டாயிரத்துப் பத்து நெருங்கிக்கொண்டிருந்த சமயம். ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்காரர் டவுன் சலூனிலிருந்து ஒரு மோட்டார் சஞ்சிகையைக் கேட்டு எடுத்துக்கொண்டு வந்தார். முடி வெட்டிக்கொள்ளப் போனவர் பாதி வெட்டியதும் எழுந்து வந்துவிட்டாரோ என்று நினைக்கும்படி அப்படியொரு வேகம். அடுப்படிக்கே வந்து படத்தைக் காட்டினார்.

"பெரிய பைக்கு ஒண்ணு வரப்போகுதாம். உள்ளுக்குள்ள ரெண்டு கிளச் இருக்காம். ஆனா வெளிய புடிக்கிறதுக்கு ஒண்ணுகூட இல்லையாம். கியர அதுவே மாத்திக்குமாம்." படத்தில் இடது கைப்பிடியின் மேல் விரலை வைத்தார். "அப்ப எடது கைக்கு என்ன வேல?"

நான் சிரித்த சிரிப்பில் ரொட்டி தொண்டையில் சிக்கிக்கொண்டது. அவர் முறைத்தார், பிறகு அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வேறு யாரிடம் வேண்டுமானாலும் அந்தக் கேள்வியைக் கேட்கலாம், என்னிடம் கேட்கக் கூடாது. அவருடைய இடது கையின் கதை அவரைவிட எனக்கு நன்றாகத் தெரியும்.

தொண்ணூறுகளின் நடுவில் எங்களுக்குக் கல்யாணம் ஆனபோதே அவரிடம் ஒரு சிவப்பு ரேஸ் பைக் இருந்தது. ஜப்பானில் யாரோ பாவித்துக் கழித்தது, ஆறு கியர். அவர் அக்கரப்பத்தனைப் பக்கம் எங்கள் தோட்டத்துத் தேயிலை ஃபேக்டரியில் மெக்கானிக். ஃபேக்டரி மெஷின்களுக்குக் காட்டிய மரியாதையைவிட ஒரு பங்கு அதிகமாகவே பைக்குக்குக் காட்டினார். எனக்குக் காட்டியது எவ்வளவு என்று நான் கேட்டதில்லை.

பின்சீட் என்று பேருக்கு ஒன்று இருந்தது. அதில் உட்கார்ந்தால் நான் அவரைவிட ஒரு முழம் உயரத்தில் தெரிவேன். காலைப் பெரட்டுக்கு வந்து வேலை பிரிப்பதற்காக நிற்கிறவர்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்ப்பார்கள். கூச்சமாகவும் இருக்கும், பெருமையாகவும் இருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் நானுஓயாவிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறுகிற வளைவுகளில் என்னை வைத்துக்கொண்டு பாடம் நடத்துவார். வளைவுக்கு முன்னாலேயே கிளச்சைப் பிடிக்க வேண்டும், ஒரு கியரைக் குறைக்க வேண்டும், பிறகு மெதுவாக விட வேண்டும். அந்த மெதுவாக என்பது குழம்பில் உப்புப் பார்ப்பது போல, யாரும் சொல்லிக்கொடுக்க முடியாது என்பார். சொல்லிக்கொடுக்க முடியாததை ஏன் வாராவாரம் சொல்கிறார் என்று எனக்குத் தோன்றும்.

நான் மிட்வைஃப். தோட்டத்து நாலு டிவிஷனுக்கும் நான் ஒருத்திதான். தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு, லயம் லயமாக நடந்தே பிள்ளைத்தாய்ச்சிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாயிரம் பிறந்து ஒன்றிரண்டு வருடத்தில் எங்களைப் போன்றவர்களுக்கு ஆளுக்கொரு சின்ன மோட்டார் சைக்கிள் கிடைத்தது. அதில் கிளச் லீவரே கிடையாது. காலால் கியரை மிதித்தால் போதும், மற்றதை வண்டி தானே பார்த்துக்கொள்ளும். நான் ஒரு வாரத்தில் ஓட்டப் பழகிவிட்டேன்.

வந்த அன்றே அவர் அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். "தையல் மெஷினுக்கு டயர் போட்டு அனுப்பிருக்காங்க" என்றார். சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தார், எனக்கு ஓட்டிக் காட்டத்தான். முதல் கியர் போடும்போதே இடது கை விரல்கள் நாலும் முன்னால் நீண்டு, அங்கே இல்லாத லீவரைப் பிடித்து உள்ளே இழுத்தன. இரண்டாவது கியருக்கும் அப்படியே. இறங்கி வந்தபோது முகம் சரியில்லை.

"இது என்னா வண்டி. நம்ம பைக்குல மிதிச்சா கியர் எறங்கும், தூக்குனா ஏறும். இதுல மிதிச்சா ஏறுதே."

"வண்டி சரியாத்தாங்க இருக்கு. நீங்கதான் காத்தப் புடிச்சு ஓட்டுறீங்க."

அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. அக்கம்பக்கத்தில் யாராவது அவரைப் பற்றி விசாரித்தால், காற்றைப் பிடிக்கிறவர் வேலைக்குப் போயிருக்கிறார் என்பேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அவருக்குக் கோபம் வரும், ஆனால் அரை மணி நேரத்துக்கு மேல் நிற்காது.

ஃபேக்டரிக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. கையிலிருந்து ஸ்பேனர் நழுவினால், அது ஓடுகிற மெஷினுக்குள் விழுவதற்குள் மற்றக் கையால் பிடித்துவிடுவார்கள். யோசிக்க நேரமிருக்காது, கை தானாகப் போகும். ஒரு ஆடி மாதத்து மழையில் மாட்டுக்குப் புல் அறுத்துவிட்டு வந்து, வாசலில் கத்தியைக் கழுவிக்கொண்டிருந்தார். ஈரக் கையிலிருந்து கத்தி நழுவியது. இடது கை தானாகப் போய்ப் பிடித்துவிட்டது.

நடுவிரலும் மோதிர விரலும். உள்பக்கத்து நரம்பு அறுந்துவிட்டது. நான் எத்தனையோ இரத்தம் பார்த்தவள்தான், அன்றைக்குக் கட்டுத்துணியைத் தேடி வீடு முழுக்க ஓடினேன், அது என் பையிலேயே இருந்தது. தைத்து, கட்டுப்போட்டு, சில வாரங்கள் கழித்துக் கட்டைப் பிரித்தபோது அந்த இரண்டு விரல்களும் பாதிக்கு மேல் மடங்க மறுத்தன.

டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர், பொறுமைசாலி. ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்தார். "தம்பி, இனிக் காயத்துக்குப் பயமில்லை. ஆனா விரலைச் சும்மா விட்டா இப்பிடியே இறுகிப் போயிடும். இந்தப் பந்தை ஒரு நாளைக்கு நூறு தரம் அமத்துங்கோ. நோகும். நொந்தாலும் விடாதேங்கோ."

இவர் வீட்டுக்கு வந்து பந்தை அலமாரியின் மேல் வைத்தார். மூன்று நாள் எடுத்து அமுக்கினார். நாலாம் நாள் என்னைப் பார்த்து, "நான் என்னா சின்னப் புள்ளயா, பந்து வெளாட" என்றார். அவ்வளவுதான். வலி என்று சொல்ல மனம் வரவில்லை, அதனால் பந்தின் மேல் பழியைப் போட்டார். நான் கெஞ்சினேன், திட்டினேன், ஒரு நாள் சாப்பாட்டுத் தட்டில் சோற்றுக்குப் பக்கத்தில் பந்தை வைத்தும் பார்த்தேன். பந்தை எடுத்து ஓரமாக வைத்துவிட்டுச் சோற்றைச் சாப்பிட்டார்.

ஃபேக்டரியில் லேசான வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். ஆனால் பைக்கைத் தொட முடியவில்லை. பழைய பைக், கிளச் இறுக்கமானது, ஆள்காட்டி விரலாலும் சுண்டு விரலாலும் மட்டும் இழுத்தால் முழுக்க வராது. ஞாயிற்றுக்கிழமைகளில் தார்ப்பாயை விலக்கி, நியூட்ரலில் ஸ்டார்ட் செய்து, நின்ற இடத்திலேயே கொஞ்ச நேரம் ஓடவிடுவார். பிறகு லீவரை இழுத்துப் பார்ப்பார். அது பாதியில் நின்றுவிடும். இன்ஜினை நிறுத்தி, திரும்பவும் மூடுவார். வேலைக்குப் போகிற நேரம் தவிர வீட்டை விட்டு வெளியே போவதையே விட்டுவிட்டார். நான் எதைச் சொல்லிக் கேலி செய்தாலும் கோபமே வரவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

ஹட்டன் பசாரில் துணிக்கடை வைத்திருந்த முதலாளி ஒருவருக்கு அந்தப் பைக்கின் மேல் வெகுநாள் கண். ஆள் அனுப்பிக் கேட்டார். இவர் மறுநாள் பைக்கைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "சித்திரை வரைக்கும் பாப்போம். அதுக்குள்ள கை வரலன்னா குடுத்துருவோம்" என்றார். சித்திரைக்கு நாலு மாதம் இருந்தது. அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் இன்ஜினை ஓடவிடுவதோடு சரி, லீவரை இழுத்துப் பார்ப்பதையே விட்டுவிட்டார்.

வீட்டில் அடைந்து கிடக்கிற மனிதரை எப்படியாவது வெளியே இழுக்க வேண்டும் என்று ஒரு பொய் சொன்னேன். லயத்துப் படியில் வழுக்கிக் கணுக்கால் பிசகிவிட்டது, கியர் மிதிக்க முடியவில்லை, ஃபேக்டரி வேலை முடிந்து வந்ததும் என்னை என் வண்டியில் வைத்துக் கூட்டிப் போக வேண்டும் என்றேன். முனகிக்கொண்டே சம்மதித்தார். தையல் மெஷினில் உட்காரும்போது யாராவது பார்க்கிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டார்.

முதல் வளைவிலேயே கண்டேன். அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தபோது அந்த இடது கை தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. கியரை மிதிக்கிற ஒவ்வொரு தடவையும் விரல்கள் நீண்டு, காற்றைப் பிடித்து, உள்ளே இழுத்தன. இரண்டு விரல்கள் நன்றாக மடங்கின. மற்ற இரண்டும் தட்டுத்தடுமாறிப் பாதி தூரம் வந்து நின்றன. அடுத்த வளைவில் திரும்பவும். பந்து என்றால் வலிக்கிற கைக்கு இது வலிப்பதாகவே தெரியவில்லை, அவர் கவனம் முழுக்க ரோட்டில் இருந்தது.

கேலி நாக்கின் நுனி வரை வந்தது. காற்றைப் பிடிக்கிறீர்களே என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் அந்த நிமிடமே கையைக் கல்லாக்கி வைத்திருப்பார். வாயை மூடிக்கொண்டேன். என் வாழ்க்கையில் நான் செய்த கஷ்டமான காரியங்களில் அது ஒன்று, பொய்யில்லை.

அன்றிலிருந்து நேர் வழிகளெல்லாம் எனக்கு மறந்துபோயின. கீழ் டிவிஷனுக்குக் குறுக்குப் பாதை இருக்க, ரோடு சரியில்லை என்று சுற்றிப் போகச் சொல்வேன். டயகமப் பக்கம் வளைவுகள் அதிகம், அதனால் அந்தப் பக்கம் என்னைத் தேடுகிற தாய்மாரும் அதிகமானார்கள். சில நாள் உண்மையாகவே யாராவது இருப்பார்கள். இல்லாத நாளில் ஏதாவது ஒரு லயத்துக்குள் நுழைந்து, அங்கே இருக்கிற குழந்தையைத் தூக்கி நிறை சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருவேன். அந்த வருடம் டயகமப் பக்கத்துக் குழந்தைகளைப் போல நன்றாகக் கவனிக்கப்பட்ட குழந்தைகள் மலைநாட்டிலேயே இருந்திருக்க மாட்டார்கள்.

"ஒன் காலு இன்னும் சரியாகலையா?" என்று மாசியில் கேட்டார்.

"குளிருக்கு விடமாட்டேங்குதுங்க" என்றேன்.

பின்னாலிருந்து எட்டி எட்டிப் பார்த்ததில் என் கழுத்துதான் பிடித்துக்கொண்டது. ஆனால் பார்த்தேன். முதலில் மோதிர விரல், பிறகு நடுவிரல். பங்குனியில் ஒரு மழை நாளில் நாலு விரலும் ஒன்றாக மடங்கிக் கைப்பிடியைத் தொட்டன. அவருக்குத் தெரியவில்லை. எனக்கு அழுகை வந்தது, மழைக்கோட்டுக்குள் முகத்தை வைத்துக்கொண்டேன். சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். காற்றைப் பிடிப்பதும் அந்த இறுக்கமான லீவரைப் பிடிப்பதும் ஒன்றா என்று சந்தேகம் வந்தது. ஆசை காட்டிவிட்டு அது நடக்காமல் போனால் அவர் தாங்க மாட்டார், சொல்லவில்லை.

சித்திரை பிறந்தது. சொன்ன சொல் தவறாமல் முதலாளி ஒரு காலையில் பஸ்ஸில் வந்து இறங்கினார், கையில் புது ஹெல்மெட்டோடு. தேத்தண்ணீர் கொடுத்து உட்காரவைத்தேன். இவர் தார்ப்பாயை எடுத்து மடித்தார், தேவைக்கு மேல் நிதானமாக. சீட்டைத் துடைத்தார். கடைசியாக ஒரு தடவை என்பது போல ஏறி உட்கார்ந்து ஸ்டார்ட் செய்தார். பழைய பழக்கத்தில் லீவரைப் பிடித்து இழுத்தார்.

அது முழுக்க உள்ளே வந்தது.

அவர் விட்டார். மறுபடி இழுத்தார். மறுபடியும் வந்தது. கையைத் திருப்பிப் பார்த்தார், வேறு யாருடைய கையோ என்பது போல. பிறகு என்னைப் பார்த்தார். நான் தேத்தண்ணீர்க் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தேன், தலையை நிமிர்த்தினால் அழுதுவிடுவேன்.

"முதலாளி, ஒரு சுத்து சுத்திட்டு வந்துடுறேங்க" என்றார். முதலாளி பதில் சொல்வதற்குள் பைக் வாசலைத் தாண்டிவிட்டது.

சத்தத்தை வைத்தே என்னால் சொல்ல முடியும். முதல் கியர். நிதானமாக இரண்டு. மூன்று. எட்டு மாதமாகக் கேட்காத அந்தச் சத்தம் மலையில் பட்டுத் திரும்பி வந்தது. நான் அழுதுகொண்டே நின்றேன், முதலாளி என்னவோ ஏதோவென்று எழுந்து நின்றார். இனி நாலாவது விழ வேண்டும். அதற்குப் பதிலாக இன்ஜின் ஒரு கத்துக் கத்தியது, டயர் கிறீச்சிட்டது, பிறகு ஒன்றுமில்லை.

கணுக்கால் பிசகியவள் அத்தனை வேகமாக ஓடி அதற்கு முன் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். முதலாளியும் ஹெல்மெட்டோடு பின்னாலேயே ஓடிவந்தார். மேல் வளைவில் பைக் தேயிலைச் செடிகளுக்குள் முன் சக்கரத்தைச் செருகிக்கொண்டு நின்றது. அவர் அதன் மேல் உட்கார்ந்திருந்தார், சட்டையெல்லாம் கொழுந்து, ஒரு கீறல்கூட இல்லை. சிரித்துக்கொண்டிருந்தார்.

"நாலாவது போடத் தூக்கணும்ல. மிதிச்சுப்புட்டேன்" என்றார். "ஒன் தையல் மெஷினு என் காலக் கெடுத்துப்புடுச்சு."

"கைய?" என்றேன்.

அவருக்கு உடனே விளங்கவில்லை. என் கணுக்காலைப் பார்த்தார். நான் ஓடிவந்த ரோட்டைப் பார்த்தார். அந்த நாலு மாதமும், டயகமப் பக்கத்துத் தாய்மாரும், மறந்துபோன குறுக்குப் பாதைகளும் ஒவ்வொன்றாக அவர் முகத்தில் வந்து போனதை நான் பார்த்துக்கொண்டே நின்றேன். பிறகு மெல்லக் குனிந்து தன் இடது கையைப் பார்த்தார். இன்ஜின் நின்று எவ்வளவோ நேரமாகியும், நாலு விரலும் அந்த லீவரை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தன.