ஓடுகிறவர்கள் தின்ற படையல்

இந்த ஊரில் ஓடுகிறவர்கள் துப்பிக்கொண்டே ஓடுகிறார்கள். விடிகாலையில் ஈப்போவில் கிந்தா ஆற்றங்கரையில் போய் நின்றால் பார்க்கலாம். காரில் வந்து இறங்கி, காரைப் பிடித்துக்கொண்டு காலை முன்னும் பின்னும் ஆட்டி, பிறகு ஓடத் தொடங்குவார்கள். பாலத்தடியில் ஒரு துப்பல், மூங்கில் புதரில் ஒரு துப்பல், பிள்ளைகள் உட்காரும் பெஞ்சுக்குப் பக்கத்தில் ஒரு துப்பல். சுற்றி முடித்து அதே காரிடம் வந்து சேர்வார்கள். நான் அதிகம் படித்தவள் இல்லை, எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன். ஆனால் எங்கே துப்பலாம், எங்கே துப்பக் கூடாது என்று எனக்குத் தெரியும்.

இந்த மலேசியாவைப் பார்க்காமல் தமிழ்நாட்டில் இருந்து படிக்கிறவர்களுக்கு இடத்தைச் சொல்லிவிடுகிறேன். ஆறு நகரத்துக்கு நடுவில் போகிறது. தள்ளிச் சுண்ணாம்பு மலைகள். பனி இறங்கினால் பாதி மலைதான் இருக்கும். ஆற்றுக்குள் மணல் சேர்ந்து மேடான திட்டுகள் மூன்று. முன்பெல்லாம் அவற்றில் நாணலும் உடும்பும்தான். இப்போது கரை நெடுக சிவப்புச் சாயம் பூசிய பாதை போட்டிருக்கிறார்கள். முதல் திட்டுக்கு ஓர் இரும்புப் பாலம், அங்கிருந்து இரண்டாவதற்கு இன்னொன்று. அப்படியே சுற்றி மறுகரையில் ஏறி, பெரிய மரங்களின் நிழலில் திரும்பலாம். மூன்றாவது திட்டுக்கு மட்டும் பாலம் இல்லை. அழகாக இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். படத்தில் பார்த்தால் நீங்களும் இங்கே வர டிக்கெட் எடுப்பீர்கள். படத்துக்கு நாற்றம் கிடையாது. சாக்கடை வந்து விழுகிற இடத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு நில்லுங்கள், பிறகு பேசுவோம். ஓடும்போது உறிஞ்சுவதற்கென்று பாகு அடைத்த சின்னப் பை ஒன்று வைத்திருக்கிறார்கள். பல்லால் கிழித்து, உறிஞ்சி, எறிந்துவிடுவார்கள். திட்டைச் சுற்றி நாணல் வேரிலெல்லாம் அந்தப் பைகள், எச்சிலோடு, பளபளவென்று.

என் வீட்டுக்காரரை அந்த மூன்றாவது திட்டுக்கு எதிரேதான் கரைத்தோம். அவர் பீடோர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்து, அங்கேயே மரம் சீவிப் பால் எடுத்து, ரப்பரை அழித்து எண்ணெய்க்குச் செம்பனை வைத்த பிறகு மகனோடு ஈப்போவுக்கு வந்தவர். நான் முசிறிப் பக்கம் காவிரிக் கரையில் பிறந்தவள். அவருடைய பெரியவர்கள் வந்து பெண் கேட்டு, கப்பலில் அழைத்து வந்து, தோட்டத்துக் கோயிலில் வைத்துத் தாலி கட்டினார்கள். அவர் கடைசி வரை காவிரியைப் பார்த்ததில்லை.

அவர் போன மறு வருஷம், எங்கள் காவிரியில் திதி கொடுத்தால்தான் கௌரவம் என்று மகனையும் இழுத்துக்கொண்டு போனேன். பழைய ஊரைப் பெருமையாக எழுதுவேன் என்று காத்திருக்காதீர்கள். படித்துறையில் கால் வைத்தால் யாரோ அவிழ்த்துப் போட்ட ஈர வேட்டி காலைச் சுற்றுகிறது. ஷாம்பு பாக்கெட், உடைந்த சட்டி, ஊறிப் போன மாலை. மந்திரம் சொன்னவர் ஒரு காதில் போனை வைத்துக்கொண்டே சொன்னார். இலை போட்டு வெகுநேரம் கூப்பிட்டும் காக்கை வரவில்லை. பக்கத்துக் குடும்பத்துப் பெண் ஒருத்தி, "மலேசியாக்காரரு, வழி தெரியாம நிக்கிறாரு போல" என்று சிரித்தாள். அவளை அறையலாம் என்றிருந்தது. ஆனால் அவள் சொன்னது நெஞ்சில் தங்கிவிட்டது. பார்க்காத ஆற்றுக்கு அந்த மனுஷன் எப்படி வருவார்? அதிலிருந்து வருஷா வருஷம் இங்கேதான் இலை. மூன்றாவது திட்டில் காக்கைகள் கூடு கட்டியிருக்கின்றன. ஒரு காக்கை வந்து வாய் வைத்தால் அவர் சாப்பிட்டார் என்று அர்த்தம். அது வரை வீட்டில் யாரும் பச்சைத் தண்ணீர் குடிக்க மாட்டோம்.

இந்த வருஷம் திதி வந்த நாளில் ஆற்றங்கரையில் ஓட்டப் பந்தயம். மருமகள் கோமதியும் அங்கே ஓடுகிறவள்தான். அவள் முன்கூட்டியே சொன்னாள்.

"அத்தே, அன்னைக்கு ரோடெல்லாம் அடைச்சிருவாங்க, லா. மறுநாளு வச்சிக்கலாமே."

"மறுநாளு வைக்க இது என்ன பெர்த்டே கேக்கா?"

"மாமா கோவிச்சுக்க மாட்டாரு."

"கோவிச்சுக்க மாட்டாரு. பசிச்சாலும் வாயத் தொறந்து கேக்க மாட்டாரு. அதனாலதான் நேரத்துக்கு வைக்கணும்ங்கிறேன்."

அவள் பந்தயத்துக்குப் பெயர் பதிந்திருந்தாள். அதை விட்டுவிட்டு என்னோடு வந்தாள். மகனுக்குக் கமுந்திங் தொழிற்சாலையில் ஷிப்டு. எனக்கு முழங்கால் மடங்குவதில்லை. அதனால் கோமதி காரிலிருந்து மடக்கு மேசையை எடுத்துப் பாதையோரம் விரித்து வைத்து, "காரை அந்தப் பக்கம் போட்டுட்டு வாரேன்" என்று போனாள். நான் மேசையில் இலை போட்டுச் சோறு, வடை, பயத்தங்காய்ப் பொரியல் வைத்தேன். சின்னச் சின்னப் பிசாங் மாஸ் வாழைப்பழம் ஒரு சீப்பு. ஒரு டம்ளரில் தண்ணீர், ஒரு டம்ளரில் அவருக்குப் பிடித்த பால் இல்லாத கோப்பி. பிறகு திட்டைப் பார்த்துத் திரும்பி நின்று, கா கா என்று கூப்பிட்டேன். பாலத்தின் மேல் ஓடிக்கொண்டிருந்தவர்கள், நான் அவர்களுக்கு உற்சாகம் கொடுப்பதாக நினைத்து எனக்குக் கட்டைவிரலைக் காட்டினார்கள்.

முதுகுக்குப் பின்னால் காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பினேன். ஒருத்தன் வாயில் பழம். ஒரு பெண் தண்ணீரைக் குடித்து மிச்சத்தைத் தலையில் ஊற்றிக்கொள்கிறாள். நரைத்த சீனர் ஒருவர் கோப்பியை ஒரே மூச்சில் முடிக்கிறார். பந்தயம் ஓடுகிறவர்களுக்கு வழியில் மேசை போட்டுப் பழமும் தண்ணீரும் வைப்பார்களாம். என் மேசையை அதுவென்று நினைத்துவிட்டார்கள்.

"தெரிமா காசே, ஆன்ட்டி!" என்று நன்றி சொன்னான் பழம் தின்றவன். அவன் தாடையிலிருந்து வியர்வை சொட்டிச் சோற்றில் விழுந்தது. நான் கண்ணால் பார்த்தேன்.

"ஹோய்! இனி ஓராங் மாத்தி புஞ்யா!" செத்தவருடையது என்று எனக்குத் தெரிந்த மலாயில் கத்தினேன்.

அவனுக்கு விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. "மாத்தியா? சியாப்பா மாத்தி, ஆன்ட்டி?" யார் செத்தது என்று கேட்டான்.

"லாக்கி சாயா!" என் புருஷன் என்றேன். பிறகு அவன் ஓடினான் பாருங்கள், அன்றைக்கு அவன்தான் முதலில் வந்திருப்பான். அந்தப் பெண்ணும் பின்னாலேயே ஓடினாள்.

சீனர் மட்டும் நின்றார். சின்ன வயதில் தோட்டத்துப் பக்கம் அவருடைய அப்பா மளிகைக் கடை வைத்திருந்தாராம், தமிழ் வந்தது. "அம்மா, சோரி லா, மன்னிச்சிருங்க. நாங்களும் சமாதிக்குச் சாப்பாடு வைப்போம். அவங்க சாப்பிட்டதும் நாங்க சாப்பிடுவோம். உங்க வீட்டுக்காரரு இன்னும் சாப்பிடலையா?"

"வரவே இல்ல. அதுக்குள்ள நீ அவரு கோப்பியக் குடிச்சிட்ட."

"கோப்பி நல்லா இருந்திச்சு" என்றார், வெட்கமில்லாமல். "சீனி கொஞ்சம் பத்தல."

"அவருக்கு அப்படித்தான் வேணும்."

அந்த இலையை மடித்துக் குப்பையில் போட்டேன். எச்சில் பட்டதை நாய்க்கு வைக்கலாம், அவருக்கு வைக்க முடியாது. தூக்குச்சட்டியின் அடியில் கை படாத சோறு கொஞ்சம் மிச்சம் இருந்தது. மேசை இனி வேண்டாம் என்று, பல்லைக் கடித்துக்கொண்டு, அந்தச் சிவப்புப் பாதையிலேயே முட்டி போட்டேன். எத்தனை பேர் துப்பிய பாதையோ. இன்னோர் இலையில் சோற்றை வைத்தேன். ஒலிபெருக்கி அலறியது. காக்கைகள் திட்டை விட்டு எழும்பிச் சுற்றிக்கொண்டே இருந்தன, இறங்கவில்லை. முசிறிப் படித்துறையில் நின்றது போலவே வயிறு காய்ந்தது. சீனர் பந்தயத்தை விட்டுவிட்டு, இரண்டு கையையும் விரித்து, வருகிறவர்களைச் சுற்றிப் போகச் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு அவரும் என்னோடு கா கா என்று தொடங்கிவிட்டார். கோப்பி குடித்த அதே வாயால். எனக்கு அருவருப்பாகத்தான் இருந்தது. ஆனால் நிறுத்தச் சொல்லவில்லை.

ஒன்று வந்தது. தத்தித் தத்தி வந்து, தலையைச் சாய்த்துப் பார்த்து, ஒரு வாய் எடுத்துக்கொண்டு திட்டுக்குப் பறந்தது. கோமதி அந்த நேரம்தான் மூச்சு வாங்க வந்து சேர்ந்தாள். இரண்டு பேருமாகச் சேர்ந்து என்னைத் தூக்கி நிறுத்தினார்கள்.

"நாளைக்கு உங்களுக்கும் இலை இங்கதானா, அம்மா?" என்று கேட்டார் சீனர். நல்ல மனசோடுதான் கேட்டார். "ஓடுறவங்கள மறிக்கிறதுக்கு இவரு இருக்காரு அத்தே, கவலைய விடுங்க" என்று கோமதி சிரித்தாள்.

என் சாம்பலை முசிறிக்குக் கொண்டுபோய்க் கரைக்க வேண்டும் என்று மகனிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அழுக்கோ நாற்றமோ, அது நான் பிறந்த தண்ணீர். ஆனால் அங்கே எனக்கு இலை போட ஓர் ஆள் இல்லை. போடப் போகிறவள் கோமதி. அவள் இங்கேதான் போடுவாள், ஓடி முடித்த பனியனோடு, இந்தச் சாயப் பாதையில். காவிரியில் கிடந்துகொண்டு கிந்தாவுக்குச் சாப்பிட வர வேண்டும். இதுவரை ஒரு பஸ்ஸுக்குக்கூட ஓடாதவள் நான். செத்த பிறகு வருஷா வருஷம் கடல் மேல் ஓடி வரப் போகிறேன்.