அவர் கேட்ட பிரெஞ்சுப் பாட்டுகள்

அந்தக் குளிர்காலத் தொடக்கத்தில் என் கணவர் ஒரு பிரெஞ்சுப் பாடகியின் ஆல்பத்தை ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்தார். வேலையால் வந்ததும் தேத்தண்ணியோடு அறைக்குள் போய்க் கதவைச் சாத்துவார். அழுது முடித்துவிட்டுப் பாடுகிறவள் மாதிரி ஒரு குரல் வெளியே கேட்கும். எனக்குப் பிரெஞ்சு ஒரு சொல்லும் தெரியாது. அவருக்குத் தெரியும். நோர்வேக்கு வருமுன்னர் தம்பியோடு பாரிஸில் ஓர் அறையில் இருந்து, உணவகங்களில் கோப்பை கழுவியவர்.

பாரிஸிலேயே தங்கிவிட்ட அந்தத் தம்பி கோடையில் இறந்துபோனார். காலையில் பல் தீட்டப் போனவர் அங்கேயே விழுந்துவிட்டார். மாரடைப்பு. செத்தவீட்டுக்குப் போய் வந்ததிலிருந்து இவருக்குக் கதைபேச்சுக் குறைந்துவிட்டது. துக்கம் என்றுதான் விட்டேன். பாட்டுத்தான் எனக்கு விளங்கவில்லை.

மகள் பேர்கனில் படிக்கிறாள். பாடசாலையில் பிரெஞ்சு எடுத்தவள். ஒருநாள் தொலைபேசியைக் கதவோடு பிடித்து அவளுக்குக் கேட்க வைத்தேன்.

"காதல் பாட்டு அம்மா. ஆனா சந்தோசமான காதல் இல்லை. ஒராள் போன பிறகு மனம் பாரமாக் கிடக்கிறதைப் பற்றிப் பாடுறா."

"ஆர் போனது?"

"அதைச் சொல்லேல்லை. ஏன் அம்மா, அப்பாக்கு ஏதும் லவ்வோ?"

அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பாரிஸில் எனக்கு முன்னரே ஒருத்தி இருந்திருப்பாளோ, செத்தவீட்டில் அவளைக் கண்டிருப்பாரோ என்று மனம் ஓடியது. சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழும்புவார். படியேறும்போது இடையில் நின்று யன்னலைப் பார்ப்பார். ஒரு சனிக்கிழமை என்னைக் கீழே கூப்பிட்டு, காருக்குக் குளிர்கால டயர் மாற்றுவது எப்படி என்று காட்டினார்.

"நீரும் பழகி வையும்," என்றார்.

"ஏன், நீங்கள் எங்கை போறியள்?"

அவர் துணியில் கையைத் துடைத்தார். இவர் தன்னை ஏதும் செய்துகொள்வாரோ என்று அன்றிலிருந்து எனக்கு வேறொரு பயம் பிடித்தது. அதை மகளுக்குக்கூடச் சொல்ல வாய் வரவில்லை.

பிறகு ஒருநாள் பின்னேரம், வெளியே இருட்டிவிட்டது, அவர் வரவில்லை. அழைத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. திரும்பத் திரும்ப அழைத்தேன். பிறகு ஜக்கெட்டைக் கொளுவிக்கொண்டு எல்லிங்ஸ்ருட் ஸ்டேசனுக்கு ஓடினேன். அங்கே ரயில் பாறைக்கு அடியில்தான் நிற்கும். நகரும் படியில் நிற்கப் பொறுமையில்லாமல், கீழே எதைப் பார்க்கப் போகிறேனோ என்று இறங்கி ஓடினேன்.

ரயில் மேடை வாங்கில் உட்கார்ந்திருந்தார். காதில் பாட்டு. முகம் சாம்பல் நிறம். அந்தக் குளிரில் நெற்றியெல்லாம் வேர்வை.

"என்னப்பா? ஏன் போன் எடுக்கேல்லை?"

"ஏற ஏலாமக் கிடக்கு," என்றார். "நெஞ்சை ஆரோ அமத்திற மாதிரி. கனநாளா இருக்கு."

"கனநாளாவோ? ஏன் சொல்லேல்லை?"

"டொக்டரிட்டைப் போனா, தம்பிக்கு வந்ததுதான் உமக்கும் எண்டு சொல்லிப்போடுவார். பயந்திட்டன்."

அடுத்த ரயிலில் வந்திறங்கியவர்களில் எங்கள் கட்டடத்தில் இருக்கும் சென்னைப் பிள்ளையும் இருந்தாள். பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறவள். லிஃப்ட்டில் கண்டால் சிரிப்போம், அவ்வளவுதான் பழக்கம்.

"ஆன்ட்டி, அங்கிளுக்கு என்னாச்சு?"

"நெஞ்சு நோகுதாம் பிள்ளை."

அவள் என்னை வேறொன்றும் கேட்கவில்லை. உடனே ஆம்புலன்ஸுக்கு அழைத்து, ஆங்கிலத்தில் இடத்தைச் சொன்னாள். தன் மஃப்ளரை அவர் கழுத்தில் சுற்றினாள். "அங்கிள், பேசாதீங்க, சாஞ்சு உக்காருங்க," என்று அவர் முதுகைப் பிடித்துக்கொண்டாள். ஆம்புலன்ஸ் ஆட்கள் வரும்வரை நான் அவருடைய கையை விடவில்லை. அது ஈரமாக, ஐஸ்போல இருந்தது.

இதயத்துக்குப் போகும் இரண்டு இரத்தக் குழாய்கள் அடைத்திருந்தன. அன்றைக்கே ஸ்டென்ட் என்கிற வலைக்குழாய் வைத்துத் திறந்துவிட்டார்கள். இன்னும் கொஞ்சநாள் விட்டிருந்தால், என்று தொடங்கிய டாக்டர் என் முகத்தைப் பார்த்துவிட்டு மிச்சத்தைச் சொல்லவில்லை.

அடுத்தநாள் கட்டிலில் சாய்ந்திருந்தபடி அவராகவே சொன்னார்.

"அந்தப் பாட்டுகள் தம்பி அனுப்பினது. சாகிறதுக்குக் கொஞ்சம் முதல். 'அண்ணா, கேட்டுப்பார், நெஞ்சு கனக்கும்' எண்டு குரல் பதிஞ்சு அனுப்பினவன். நானும் கேட்டன். எனக்கும் கனத்தது. பாட்டாலையோ இந்த நெஞ்சு நோவாலையோ எண்டு தெரியேல்லை."

தம்பிக்கும் அது தெரியாமல்தான் போயிருக்கும் என்று நினைத்தேன்.

இப்போது அவர் வேலைக்குப் போகிறார். வழக்கமான ரயிலில் வராவிட்டால் நான் ஸ்டேசனுக்கு இறங்கிவிடுகிறேன். நகரும் படியில் மேலே வந்துகொண்டிருப்பவர் என்னைக் கண்டு வெட்கப்படுவார்.

"இவ்வளவு தூரம் இறங்கி வரவேணுமே? ஒரு போன் அடிச்சாக் காணாதே?"

"காணாது," என்பேன்.