கொடுமுடிக்குப் போகாத அமாவாசை

கனகம் சித்தி அந்தமானுக்குக் கிளம்பியது பங்குனி அமாவாசைக்கு முந்தைய வியாழக்கிழமை. துடியலூர் வீட்டு வாசலில் ஆட்டோ நின்றுகொண்டிருந்தது. பெட்டியை ஏற்றிவிட்டு நான் திரும்பினால், பக்கத்து வீட்டுக் கேட்டைத் திறந்துகொண்டு மாரியாத்தாள் வந்துகொண்டிருந்தார். சித்தப்பாவுடன் பிறந்த அக்கா, சித்திக்கு நங்கை முறை. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தான்.

"ஏன் கனகு, பொட்டியெல்லாம் தூக்கீட்டு எங்க கெளம்பிட்டே?"

அவர் அந்த நேரத்தில் கோயிலுக்குப் போயிருப்பார் என்றுதான் சித்தி கணக்குப் போட்டிருந்தார். சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு வாயில் வந்ததைச் சொன்னார்.

"கொடுமுடிக்குங்க நங்கை. அமாவாசை வருதுங்கல்ல. அங்கயே மடத்துல தங்கி, நாலு நாள் அவருக்கு வெளக்குப் போட்டுட்டு வாரேனுங்க."

"இவ?"

"தொணைக்கு வாராளுங்க."

மாரியாத்தாள் என் முதுகுப் பையை மேலும் கீழும் பார்த்தார். "கொடுமுடிக்கு இத்தனாம்பெரிய மூட்டையா? ஊரு ஊரா சுத்துன பழக்கம் இன்னும் போகல பாரு இவளுக்கு." சிரித்தார். அப்புறம் அவர் முகம் மாறியது. "இருங்க, போயிராதீங்க" என்று உள்ளே போனவர் ஒரு செப்புச் சொம்புடன் வந்தார்.

"என்ற தம்பியக் காவிரியில கரைச்ச படித்துறையில எறங்கி இதுல மொண்டுட்டு வா கண்ணு. பொம்பளைங்க வரக்கூடாதுன்னு என்னைய உட்டுட்டுப் போயிட்டாங்க. அவன் எந்தத் தண்ணியில போனான்னுகூட நான் பாக்கல."

சித்தி இரண்டு கையாலும் சொம்பை வாங்கிக்கொண்டார். ஆட்டோ மேட்டுப்பாளையம் ரோட்டில் ஏறும்வரை அதை மடியிலேயே வைத்திருந்தார். "வாங்காம இருக்க முடியுமா, நீயே சொல்லு" என்று என்னிடம் கேட்டார்.

சித்தப்பா சுப்பண்ணன் ஐப்பசியில் இறந்தார். கடையில், ஒரு போர்வெல் மோட்டாரைப் பிரித்துக்கொண்டிருக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார். புகைந்துபோன மோட்டார்களுக்குப் புதிதாகக் கம்பிச் சுருள், அதாவது காயில், கட்டிக் கொடுக்கும் கடை அது. பிரிப்பதும் மாட்டுவதும் அவர் வேலை; செப்புக் கம்பியைச் சுற்றிக் காயில் கட்டுவது சித்தியின் வேலை. கல்யாணமாகி வந்த வருடமே கற்றுக்கொண்டுவிட்டார். காயிலுக்குப் பூசும் வார்னிஷின் வாடை அவர் கையைவிட்டு ஒருநாளும் போனதில்லை. குழந்தை இல்லை. வெயில் காலத்தில்தான் மோட்டார்கள் வரிசையாகப் புகையும், ஊரெல்லாம் சுற்றுலா போகும் மாதங்களில் அவர்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. இருவரும் சேர்ந்து போன இடங்கள் பழனி, கொடிவேரி அணை, ஒரு தடவை ஊட்டி. ஊட்டியில் மழை பிடித்துக்கொண்டு அன்று சாயங்காலமே இறங்கிவிட்டார்கள்.

பொள்ளாச்சிப் பக்கம் தோப்பு வைத்திருக்கும் வாடிக்கையாளர் ஒருவர் அந்தமான் போய் வந்து போட்டோ காட்டியதில்தான் சித்தப்பாவுக்கு அந்த ஆசை வந்தது. காந்திபுரத்தில் ஒரு டூர் ஆபீசில் இரண்டு பேருக்கும் பணம் கட்டிவிட்டு வந்து, சாப்பிடும்போது சாதாரணமாகச் சொன்னாராம். அவர் போன பிறகு ஆபீசில் கேட்டோம். பெயரை மாற்றலாம், தேதியை மாற்ற முடியாது என்றார்கள். நான் மூன்று வருடம் ஊர் சுற்றிவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்தேன், வீட்டில் கால் தரிக்கவில்லை. சித்தப்பாவின் இடத்தில் நான் போனேன்.

வருடம் திரும்பாத வீட்டில் கல்யாணம் காட்சிக்கே போகமாட்டார்கள். அப்படியிருக்க எதற்குப் போனார் என்று பின்னால் எத்தனையோ பேர் கேட்டார்கள். சித்திக்குக் கடல் பார்க்க ஆசை. நாற்பத்தொன்பது வயது வரை அவர் கடலைப் பார்த்ததில்லை. அதற்கு மேல் காரணம் எதுவும் இல்லை.

போர்ட் பிளேரில் இறங்கியதும் எங்கள் குழுவுக்கு வழிகாட்டியாக வந்தவர் பிரான்சிஸ். பூர்வீகம் தூத்துக்குடி, பிறந்தது தீவில். "கோயம்புத்தூர்காரங்களா? மொதல்ல சாப்பாடு எங்கன்னு சொல்லிடறேன், இல்லேன்னா நீங்க எதையும் பாக்கமாட்டீங்க" என்று ஆரம்பித்தார். வேனில் சித்திக்கு அடுத்த சீட்டில் திருப்பூர்க்காரர் ஒருவரின் மனைவி, பெயர் புவனா. வேன் நகர்வதற்குள் முறுக்கு டப்பாவைத் திறந்துவிட்டார்.

"ஏனுங்க, உங்க ஊட்டுக்காரரு வரலீங்களா?"

சித்தி என்னைப் பார்த்தார். அப்புறம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "கடை இருக்குதுங்க. வெயில் காலம் பாருங்க. மோட்டாரா வந்து குமியும். அவரு எந்திரிச்சு வரமாட்டாருங்க."

"எல்லாம் ஒரே மாதிரிதானுங்க. இவரையும் நானு கவுறு கட்டி இழுக்காத கொறையாத்தான் கூட்டிட்டு வந்தேன்."

அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தையில் சித்தப்பா துடியலூரில் உயிரோடு உட்கார்ந்து வேலை பார்க்க ஆரம்பித்துவிட்டார். பாரதாங் தீவுப் படகில், இருபுறமும் அலையாத்தி மரங்கள் தண்ணீருக்குள் வேர்களை ஊன்றி நிற்க, அந்த இருட்டுக் கால்வாய்க்குள் நுழையும்போது, "அவரு பாத்தா இந்த வேரெல்லாம் காயில் கம்பியாட்டம் இருக்குதுன்னு சொல்லுவாருங்க" என்றார் சித்தி. சுண்ணாம்புக் குகையில் கூரையிலிருந்து தொங்கும் கற்களை டார்ச் அடித்துக் காட்டி, அவை சொட்டுச் சொட்டாக வளர்கின்றன என்று பிரான்சிஸ் சொன்னபோது, "எங்க ஊட்டுக்காரரு வேலை செய்யற வேகமும் இதேதானுங்க" என்று சத்தமாகச் சொல்லி எல்லாரையும் சிரிக்க வைத்தார். அவர் இவ்வளவு பேசுவார் என்று எனக்கே தெரியாது.

ஹேவ்லாக் தீவில், ராதாநகர் கடற்கரையில், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு முதலில் ஓடியவர் சித்திதான். அலை வந்து காலடி மணலை உருவிக்கொண்டு போனதும் பயந்து என் கையைப் பிடித்தார். அப்புறம் விட்டுவிட்டார். இடுப்பு வரை இறங்கி நின்று, ஒவ்வோர் அலைக்கும் "ஐயோ, ஐயோ" என்று கத்திச் சிரித்தார். சாயங்காலம் கடைத்தெருவில் புவனா தன் கணவருக்குச் சிப்பி படம் போட்ட சட்டை எடுத்தார். "உங்களவருக்கும் ஒண்ணு எடுங்க, இல்லாட்டி மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குவாரு" என்று அவர் வற்புறுத்த, கடைக்காரர் அளவு கேட்டார். சித்தி தயங்காமல் "நாப்பத்திரெண்டு" என்றார். சட்டை பைக்குள் போயிற்று.

மறுநாள் நீல் தீவு. பாறை தானாகவே பாலம்போல் வளைந்து நிற்கும் இடம் அங்கே இருக்கிறது. மத்தியானம் கடல் வெகுதூரம் உள்வாங்கியிருந்தது. செத்த பவளப் பாறைகள் மேல் வழுக்காமல் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு நடந்தோம். பாறைக் குழிகளில் தேங்கிய தண்ணீரில் நீல விளிம்பு போட்ட சின்ன மீன்கள், ஒரு நட்சத்திர மீன், கறுத்துத் தடித்துக் கிடந்த கடல் அட்டை. பிரான்சிஸ் அதைத் தொட்டுப் பார்க்கச் சொன்னதும் சித்தி விரலை நீட்டி, இழுத்து, மறுபடி நீட்டி, "புது டயராட்டம் இருக்குதுங்க" என்று சொல்லிக் குனிந்த நிலையிலேயே குலுங்கிச் சிரித்தார்.

"உங்களுக்கு யோகம்ங்க" என்றார் பிரான்சிஸ். "எல்லா நாளும் இவ்வளவு தூரம் நடக்க முடியாது. இன்னைக்கு அமாவாசை. அதான் கடல் இப்படி வத்திக் கிடக்கு."

சித்தி நிமிர்ந்தார். முகத்தில் சிரிப்பு இன்னும் முழுதாகப் போகவில்லை, ஆனால் கண் வேறு எங்கோ இருந்தது. குழியில் நனைந்த விரலைச் சேலையில் துடைத்தார். துடைத்த இடத்திலேயே திரும்பத் திரும்பத் துடைத்தார்.

"காலைல நல்லா இட்லி தின்னேன்" என்றார் என்னிடம். "அமாவாசைன்னு நெனப்பே இல்ல. மாசாமாசம் விரதம் இருந்தேன். இந்த மாசம் மறந்தே போயிட்டேன் கண்ணு."

அதன்பிறகு மிச்சமிருந்த இடங்களுக்கு அவர் வேனை விட்டு இறங்கவில்லை. தலை வலிக்கிறது என்றார். புவனா மாத்திரை கொடுத்தார், வாங்கிக்கொண்டார். திரும்பும்போது சென்னை விமான நிலையத்தில், அந்தச் சட்டையைக் கவரோடு பெஞ்சில் வைத்துவிட்டு எழுந்து நடந்தார். நான் பார்த்தேன். எடுக்கவில்லை.

கோயம்புத்தூரில் இறங்கி, சித்ரா பஸ் ஸ்டாப் அருகில் டீக்கடையில் நின்றபோதுதான் சொம்பு ஞாபகம் வந்தது. பெட்டிக்குள், துணிகளுக்கு நடுவே, காலியாக இருந்தது.

"இப்படியே ஈரோடு பஸ் புடிச்சுக் கொடுமுடி போயிட்டு வந்துரலாங்க சித்தி" என்றேன்.

"பொழுதோட ஊட்டுக்கு வந்தர்றேன்னு நங்கைகிட்டப் போன்ல சொல்லிப்போட்டேனே. சோறாக்கி வெச்சிருப்பாங்க."

கடையில் ஒரு பாட்டில் தண்ணீர் வாங்கினார். சொம்பில் ஊற்றி, வாயை வெள்ளைத் துணியால் கட்டினார். முடிச்சு சரியாக விழவில்லை. காயில் கட்டிப் பழகிய அந்தக் கை மூன்று நான்கு தடவை அவிழ்த்துக் கட்டியது.

மாரியாத்தாள் வாசலிலேயே காத்திருந்தார். சொம்பை வாங்கி நெற்றியில் ஒற்றிக்கொண்டார். துணியை அவிழ்த்து விரலை நனைத்துக் கண்ணில் வைத்து, "வந்துட்டியா சாமி" என்றார். சித்தி அந்த இடத்தில் நிற்க முடியாமல் குளிக்கப் போகிறேன் என்று உள்ளே போய்விட்டார். அன்றிலிருந்து அந்தத் தண்ணீர் மாரியாத்தாள் வீட்டில் சுப்பண்ணன் படத்துக்கு முன்னால் இருந்தது. காலையில் கும்பிட்டுவிட்டு மாரியாத்தாள் ஒரு சொட்டு நாக்கில் விட்டுக்கொள்வார். வீட்டுக்கு வருகிறவர்களுக்கும் கொடுப்பார். சித்திக்கும் கொடுப்பார். சித்தி கையை நீட்டி வாங்கிக் குடிப்பார்.

"நீயாச்சும் சொல்லீரு கண்ணு" என்று ஒருநாள் சித்தி என்னிடம் கேட்டார். அப்புறம் அவரே, "வேண்டாம், நீ சொல்லாத. நாந்தான் சொல்லோணும்" என்றார். நாளை சொல்கிறேன் என்பார். நாளைக்கு ஒரு மோட்டார் வந்துவிடும்.

ஆடி கடைசியில் மாரியாத்தாளுக்கு நெஞ்சில் அடைப்பு. அறுவை சிகிச்சை செய்ய வேண்டும் என்றார்கள். பெருந்துறையில் கட்டிக்கொடுத்த மகள் மோகனப்பிரியா வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தாள். காலையில் உள்ளே கொண்டுபோகும் முன், மாரியாத்தாள் சித்தியைக் கையால் கூப்பிட்டார். தலையணைக்குப் பக்கத்தில் அந்தச் சொம்பு இருந்தது.

"தண்ணி எதுவும் குடிக்கக் கூடாதுங்கம்மா" என்றார் நர்ஸ்.

"குடிக்கலீங் கண்ணு. நாக்க நனைக்கறதுதான். என்ற தம்பி கூட வந்தா எனக்குப் பயமிருக்காது. கனகு, உன்ற கையால வெய்யி."

சித்தி விரலை நனைத்தார். விரல் மாரியாத்தாளின் உதடு வரை போனது. அங்கேயே நின்றது.

"நங்கை, இது கொடுமுடித் தண்ணி இல்லீங்க."

"என்ன சொல்றே?"

"நான் கொடுமுடிக்கே போகலீங்க. அந்தமானுக்குப் போனேனுங்க. தீவு பாக்க. அவரு கட்டி வெச்சுட்டுப் போன டூருங்க."

மாரியாத்தாள் சித்தியின் முகத்தைப் பார்த்தார், விரலைப் பார்த்தார். "அப்ப இது?"

"கடையில வாங்குன தண்ணிங்க."

மோகனப்பிரியா, "அத்தை, இதச் சொல்ற நேரமா இது?" என்று கத்தினாள். மாரியாத்தாள் கத்தவில்லை. வாயை இறுக மூடிக்கொண்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பினார். ஆட்கள் வந்து ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு போனார்கள். கதவு மூடும்வரை அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

உள்ளே அவர் இருந்த நேரம் முழுவதும் சித்தி நின்றுகொண்டே இருந்தார். உட்காரச் சொன்னால் கேட்கவில்லை. "பொய்த் தண்ணிய நனைச்சு அனுப்பிப் போட்டு, அவங்க திரும்ப வராமப் போயிட்டா நான் என்ன செய்யறதுன்னுதான் நெனச்சேன்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "பாரு, அப்பவும் என்னையப் பத்தித்தான் நெனச்சிருக்கறேன். அவங்க பயமில்லாமப் போகட்டும்னு நெனைக்கல" என்றார். நானாக இருந்தால் சொல்லியிருக்க மாட்டேன். அது சரியா என்றும் எனக்குத் தெரியவில்லை.

மாரியாத்தாள் பிழைத்துக்கொண்டார். துடியலூருக்குத் திரும்பாமல் மகளோடு பெருந்துறைக்குப் போய்விட்டார். சித்தி பார்க்கப் போகும்போதெல்லாம் மோகனப்பிரியா கேட் வரை வந்து, "அம்மா தூங்கறாங்க அத்தை" என்பாள். சாயங்காலம் போனாலும் தூங்கினார், காலையில் போனாலும் தூங்கினார். சித்தப்பாவின் வருடாந்திரத்துக்கு மட்டும் மாரியாத்தாள் வந்தார். படத்துக்கு முன்னால் உட்கார்ந்து அழுதார். ஆனால் சித்தி பரிமாற வந்ததும் இலையின் மேல் கையை வைத்து மறைத்துக்கொண்டார். மகள் வந்து பரிமாறியதைச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினார்.

சித்தி இப்போது ஒவ்வோர் அமாவாசைக்கும் கொடுமுடி போகிறார். சில மாதம் நானும் போவேன். விரதமிருந்து, படித்துறையில் இறங்கி, முழங்கால் தண்ணீரில் வெகுநேரம் நிற்பார். தண்ணீர் மட்டும் எடுத்து வருவதில்லை. ஏன் என்று கேட்டேன். "இனி நான் எந்தத் தண்ணியக் கொடுத்தாலும் அவங்களுக்கு அது கடைத் தண்ணிதான்" என்றார். கடலைப் பற்றிய பேச்சை யாராவது எடுத்தால் எழுந்து போய்விடுவார்.

அந்த ஆஸ்பத்திரி நாளிலிருந்து ஒன்றரை வருடம் கழித்து, போன தை மாதத்தில் ஒரு மத்தியானம், நான் கடையில் இருந்தேன். சித்தி காயில் கட்டிக்கொண்டிருந்தார். போன் ஒலித்தது. மோகனப்பிரியாவின் எண்ணிலிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ். சித்தியின் கையெல்லாம் வார்னிஷ், என்னைப் போடச் சொன்னார்.

"கனகு, நாந்தான். மோகனா போன்ல பேசறேன். இது வந்து சேருமான்னு தெரியல. நல்லாத்தான் இருக்கறேன், மாத்திரை திங்கறேன். உன்னையக் கூப்புடறதுக்காகப் பேசல. ஒண்ணு கேக்கோணும்னு ரொம்ப நாளா மனசுல கெடக்குது. என்ற தம்பி போயி ஆறு மாசம் ஆகறதுக்குள்ள நீ போனே. அத நான் மன்னிச்சனா இல்லையான்னு எனக்கே தெரியல, அது கெடக்கட்டும். அந்தத் தீவுல நீ சந்தோசமா இருந்தியா? பொய் சொல்லாத கனகு. இருந்தேன்னா, இருந்தேன்னு சொல்லு."