கங்கைச் சொம்பின் இரண்டாவது துளை

சத்யபாமாவுக்குப் பயம் கூடவே பிறந்தது. தபால்காரர் வந்தால் பயம், பால் பொங்கினால் பயம். பதினான்கு வயதில் ஸ்ரீரங்கம் கீழச்சித்திரை வீதிக்கு வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு பயம்: நாத்தனார் ரெங்கம்மாள்.

ரெங்கம்மாள் சின்ன வயதிலேயே கணவனை இழந்து பிறந்த வீட்டோடு வந்துவிட்டவள். கூப்பிடு தூரத்தில் காவேரி ஓடுகிற ஊரில் இருந்துகொண்டு கங்கைக்கு ஏங்கினாள். காசிக்குப் போய், வாயை ஈயம் வைத்து அடைத்த செப்புச் சொம்பு ஒன்றில் கங்கை ஜலம் கொண்டுவந்தாள். "உசிர் போறச்சே இது என் நாக்கிலே பட்டாப் போறும் பாமா, வேற எதுவும் வேண்டாம்" என்று பன்னிரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். சொம்பைத் துடைக்கும் வேலை பாமாவுடையது. எங்கே கீழே போட்டுவிடுவோமோ என்று ஒவ்வொரு தடவையும் மடியில் வைத்துக்கொண்டுதான் துடைப்பாள்.

1934 ஐப்பசியில் ஒரு நாள் காலை, ரெங்கம்மாளுக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. பாமாவின் கணவன் சௌரிராஜன் சொம்பை எடுத்து, ஈய அடைப்பில் ஆணியை வைத்துச் சுத்தியலால் அடித்தான். துளை விழுந்தது. அக்காவின் வாய்க்கு நேரே கவிழ்த்தான். ஒரு சொட்டுகூட வரவில்லை. குலுக்கிப் பார்த்தான். உள்ளே ஜலம் தளும்புவது கேட்டது, வெளியே மட்டும் வரவில்லை.

தலைமாட்டில் உட்கார்ந்து பிரபந்தப் பாசுரங்கள் சேவித்துக்கொண்டிருந்த அடுத்த வீட்டு யதிராஜன், "கங்கை வரமாட்டேங்கறாளே ஓய்! ஏதோ பாபம் தடுக்கறது" என்றார். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாத மனுஷர்.

ரெங்கம்மாளுக்குக் காது நன்றாகக் கேட்டது. கண்ணோரம் நீர் வழிந்தது. பாமா அதைப் பார்த்தாள். கங்கையே தன்னை வேண்டாமென்று தள்ளிவிட்டாள் என்ற நினைப்போடா இவள் போக வேண்டும்? இன்னும் எத்தனை மூச்சு மிச்சமோ!

அப்போதுதான் கொல்லைப்புறத்துச் சீமெண்ணெய் டின் நினைவுக்கு வந்தது. விளக்குக்கு எண்ணெய் எடுக்க, டின்னின் ஒரு மூலையில் மட்டும் ஆணி அடித்தால் எவ்வளவு சாய்த்தாலும் வராது. எதிர் மூலையில் இன்னொன்று அடித்தால் காற்று உள்ளே போகும், எண்ணெய் நூல் பிடித்தாற்போல் இறங்கும். மாதாமாதம் அவள் செய்கிற வேலைதான். ஆனால் இது கங்கை! சீமெண்ணெயோடு சேர்த்து நினைத்ததே அபசாரம் என்று பட்டது. தப்பாகிவிட்டால் ஆயுசுக்கும் பேச்சுக் கேட்க வேண்டும்.

ரெங்கம்மாளுக்கு மூச்சு ஒரு தரம் நின்று, மறுபடி வந்தது.

"குடுங்கோ இப்படி" என்று கணவன் கையிலிருந்து சொம்பையும் ஆணியையும் பிடுங்கினாள் பாமா.

"என்னடி பண்றே?" என்று அவன் கத்தியதைக் காதில் வாங்கவில்லை. சொம்பை மடியில் படுக்க வைத்து, அடிப்பக்கத்தில் ஆணியை வைத்துச் சுத்தியலால் ஓங்கி அடித்தாள். முதல் அடியில் செம்பு நெளிந்தது, இரண்டாவதில் துளை விழுந்தது. ரெங்கம்மாளின் உதட்டருகே சாய்த்ததும் ஜலம் இழையாக இறங்கி, நாக்கை நனைத்து, மோவாயில் வழிந்தது. தொண்டை ஏறி இறங்கியது.

"பாமா... அவ என்னை வேண்டாம்னு சொல்லலையே?"

"இல்லக்கா. உள்ளே காத்துப் போக வழியில்லே, அவ்வளவுதான். அவளுக்கும் மூச்சு முட்டித்து."

ரெங்கம்மாள் அவள் விரலைப் பிடித்துக்கொண்டாள். இருபது வருஷமாக பாமா பயந்த கை அது. அது சில்லிட்டுப்போன பிறகும் விரலை உருவிக்கொள்ள அவளுக்கு மனம் வரவில்லை.